நீ போனில் சொன்ன வார்த்தைக்குப் பதில்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். உன் நலத்துக்கு மாரியம்மனை வேண்டுகிறோம். மேல் லயத்துப் பையன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ "சரி அப்பா, வேலை இருக்கு" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

ஆடி மழை விட்டபாடில்லை. அட்டன் டவுனில் பகல் பன்னிரண்டுக்கும் மூடுபனிதான். உனக்கு அங்கே அனல். வெயிலில் லொறி ஓட்டுகிறவன் தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, முதலிலேயே தண்ணீர் குடித்துவிட வேண்டும். நீ அனுப்பிய காசில் கூரைத் தகரம் மாற்றியாயிற்று. இந்த மழைக்கு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அம்மா அண்ணாந்து காட்டுகிறாள். ஆனால் அவளுடைய முழங்கால் எப்படி இருக்கிறது என்று மூன்று மாதமாக நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வைகாசியில் நீ பேசியபோது, டீவியில் ஜாக்கி சான் நடித்த 'ரஷ் அவர்' படத்தின் இரண்டாம் பாகம் போட்டார்கள், பார்த்தேன் என்று சொன்னேன். நீ உடனே, "ரெண்டாவது தடவை எதுவும் முதல் தடவை மாதிரி வராது அப்பா, விடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாய். பக்கத்தில் இருந்த அம்மா முகம் மாறிவிட்டது. படத்தைத்தான் சொல்கிறான் என்று அவளிடம் சொன்னேன். படத்தைப் பற்றியே உனக்குப் பதில் எழுதுகிறேன். இரண்டு மாதமாக யோசித்து வைத்தது.

22 வருடம் வீடியோ கடை நடத்தியவன் சொல்கிறேன், நீ சொன்னது சரியில்லை. ஒருவனுக்கொருவன் ஒத்துவராத இரண்டு போலீஸ்காரர்கள் சண்டையும் சிரிப்புமாகப் போகும் படங்களில், இரண்டாம் பாகம் முதலாவதுக்கு ஈடாக நிற்கும். பேய்ப் படத்தில் பேய் யாரென்று தெரிந்துவிட்டால் அதோடு முடிந்தது. காதல் படத்தில் தாலி கட்டியதும் முடிந்தது. இதில் கேஸ்தான் முடிகிறது, ஆட்கள் முடிவதில்லை. யார் கடத்தினான், யார் கள்ள நோட்டு அடித்தான் என்பதெல்லாம் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் மறந்துவிடும். அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டது மறக்காது. ஜனங்கள் திரும்ப வருவது அதைக் கேட்கத்தான்.

என் கொப்பியில் கணக்கு இருக்கிறது. முதல் படம் 1998இல் வெளியானது, நம் கடைக்குக் கெசட்டாக வந்தது. இரண்டாவது 2001, அது சிடியாக வந்தது. இரண்டாவதுதான் அதிக தடவை வெளியே போயிருக்கிறது. உலகக் கணக்கும் அப்படித்தான். முதலாவது 24 கோடி டாலர் சொச்சம் வசூலித்தது, இரண்டாவது 34 கோடிக்கு மேல். நடுவில் மூன்று வருடம்தான் இடைவெளி. மூன்று வருடம் ஒன்றும் பெரிய காலம் இல்லை, மகன்.

வசூலை மட்டும் வைத்து நான் பேசவில்லை. கதையை யோசித்துப் பார். முதல் படத்தில் ஹாங்காங் போலீஸ்காரன் லீ அங்கிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வருகிறான். அவன் சண்டை பழக்கிய பிள்ளையைக் கடத்திவிட்டார்கள். அங்குள்ள எஃப்பிஐக்காரர்களுக்கு அவன் வேண்டாத ஆள். அவனைத் தூரமாக வைத்திருக்கும் வேலையை அந்த ஊர்ப் போலீஸ்காரன் கார்ட்டர் தலையில் கட்டுகிறார்கள். ஊர் கார்ட்டருடையது, பாஷை அவனுடையது, காரும் அவனுடையது. லீ பேசாமலே வருகிறான். இங்கிலீஷ் தெரியாதவன் என்று நினைத்து கார்ட்டர் கத்திக் கத்திப் பேசுவான்.

இரண்டாவதில் கார்ட்டர் விடுமுறைக்கு ஹாங்காங் போகிறான். இப்போது ஊர் லீயினுடையது. கார்ட்டர் அரைகுறைச் சீனம் பேசி எல்லா இடத்திலும் மாட்டிக்கொள்கிறான். மசாஜ் நிலையச் சண்டையில் ஆள் தெரியாமல் லீயையே குத்திவிடுவானே, அந்த இடத்தை நீ எத்தனை தரம் திருப்பிப் போட்டிருப்பாய்! சிடியில் கீறல் விழுந்திருப்பதும் அங்கேதான். மூங்கில் சாரத்தில் இரண்டு பேரும் தொங்கும்போது நீயும் தம்பியும் சாக்குப் படங்கில் உட்கார்ந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். உனக்கு வயது பன்னிரண்டு, அவனுக்கு ஒன்பது. நீ பேசாத லீ, அவன் வாய் மூடாத கார்ட்டர் என்று டவுனே சொன்னது.

நான் சொல்ல வருவது இதுதான். ஆட்கள் அதே ஆட்கள், இடம் மாறிவிட்டது. முன்பு வழி காட்டியவன் இப்போது வழி கேட்கிறான். முதல் படத்தில் கார்ட்டர் செய்ததெல்லாம் லீக்கு எப்படி இருந்திருக்கும் என்று நமக்கே இரண்டாவதில்தான் தெரிகிறது. அதனால்தான் அது முதலாவதை இன்னும் நல்ல படமாக்குகிறது. 2007இல் மூன்றாவது பாகத்தை எடுத்து இரண்டு பேரையும் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இரண்டு பேருமே அந்நியர். யாருக்கும் யாரும் வழி காட்ட முடியாது. அது நம் கடையில் தூசி பிடித்துக் கிடந்தது.

போன மாதம் சின்னவன் போனில் ஒரு படம் போட்டுக் காட்டினான். '22 ஜம்ப் ஸ்ட்ரீட்', 2014இல் வந்தது. இதுவும் இரண்டாம் பாகம்தான், மாணவன் வேஷத்தில் துப்பறியும் இரண்டு போலீஸ்காரர்கள் கதை. அதில் மேலதிகாரியே வெளிப்படையாகச் சொல்கிறார், போன தடவை செய்ததையே செய்யுங்கள் என்று. ஆனால் போன தடவை பள்ளிக்கூடத்தில் குட்டையனை எல்லோரும் கொண்டாடினார்கள், நெட்டையன் ஒதுங்கி நின்றான். இந்தத் தடவை காலேஜில் நெட்டையனைக் கொண்டாடுகிறார்கள், குட்டையன் தனியே நிற்கிறான். சில பேச்சு வீட்டில் வைத்துப் பார்க்கும்படி இல்லை. ஆனாலும் அந்தக் குட்டையனின் முகத்தைப் பார்த்துச் சின்னவன் போனை நிறுத்திவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, லொறிக்குத் தார்ப்பாய் கட்ட வேண்டும் என்று எழுந்து போனான்.

'லீத்தல் வெப்பன்' உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது, கெசட் காலம். முதலாவது 1987, இரண்டாவது 1989. இரண்டாவதில் இரண்டு போலீஸ்காரர்களில் வயதானவர் கக்கூசில் உட்கார்ந்திருக்கிறார், அதற்கடியில் குண்டு. எழுந்தால் வெடிக்கும். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு இளையவன் மட்டும் கூட இருக்கிறான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்துத் தொட்டிக்குள் இரண்டு பேரும் சேர்ந்து பாய்கிறார்கள். முதல் படத்தில் அந்தக் காட்சியை வைத்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஒரு படம் முழுக்கச் சண்டை போட்டுப் பழகியவர்களுக்குத்தான் அப்படி உட்காரத் தெரியும். ஒரு போலீஸ்காரனும் ஒரு கைதியும் சேர்ந்து போகும் '48 ஹவர்ஸ்' எடுத்தவர்கள் இதைச் செய்யவில்லை. 1982இல் முதலாவது, 1990இல் இரண்டாவது. எட்டு வருடம் கழித்து வந்து, பழகியதையெல்லாம் மறந்தவர்கள் போலப் பழைய பகையை முதலிலிருந்து தொடங்கினார்கள். எட்டு வருடம் விடக் கூடாது.

இங்கிலீஷ்காரன் படம் எதற்கு? நம் காமன் கூத்தையே எடுத்துக்கொள். மாசிக்கு மாசி அதே கதை, மதன் எரிவதும் ரதி அழுவதும். கதை தெரியாதவர் யாரும் அந்தப் பொட்டலுக்கு வருவதில்லை. நீ மதன் கட்டிய வருடம் அவன் ரதி. மறு வருடம் உனக்குக் குரல் உடைந்து கரகரத்தது, இருந்தும் நீயே ரதிக்கு ஆடுகிறேன் என்றாய். அவன் மதன் கட்டினான். போன வருடத்தை விட இந்த வருடம் நன்றாக இருந்தது என்று பெரிய கங்காணி என் கையைப் பிடித்துச் சொன்னார். தம்பி எரிந்து விழுந்தபோது நீ அழுதது நடிப்பில்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

கார்த்திகையில் உன் கொந்தராத்து முடிகிறது. திரும்பக் கையெழுத்துப் போடப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை. அது உன் இஷ்டம். தண்ணீர் குடி, ராத்திரி ஓட்டத்துக்குப் போகும் நாளில் பகலில் தூங்கு, அது போதும். சின்னவனின் மகள் உன் போட்டோவைத் தொட்டு "பெரியப்பா" என்கிறாள். அவள் பிறந்ததற்கு நீ ஒரு வார்த்தை அனுப்பவில்லை. நல்ல பிள்ளை நீ, ஊருக்கெல்லாம் உதவுகிறவன், இதில் மட்டும் ஏன் இப்படி என்று எழுத வந்தேன். ஏன் என்று எனக்குத் தெரியும். அதை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியவில்லை.

அந்த இரண்டாம் பாகத்தில் லீ ஒன்றை கார்ட்டரிடம் மறைக்கிறான். விடுமுறை என்று கூட்டிக்கொண்டு திரிந்தாலும், உள்ளுக்குள் அவன் தேடுவது ரிக்கி டானை. ரிக்கி டான் லீயின் அப்பாவோடு போலீசில் சேர்ந்து வேலை செய்தவன், அப்பாவின் சாவில் சம்பந்தப்பட்டவன். முதல் படத்தில் ரிக்கி டான் இல்லை. இரண்டாவதில் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் கிடப்பது அப்பாவின் பழைய கணக்கு. டீவியில் அந்த இடம் வந்தபோது என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து இஸ்தோப்புக்குப் போய்விட்டேன்.

2022இல் லொறித் தவணைக் காசு பிஸ்கட் டின்னில் இருந்து காணாமல் போனதே, அதை எடுத்தது தம்பி இல்லை. நான்.

இரண்டு மாதத் தவணை. கடை வாடகை ஏழு மாதம் நிலுவையில் இருந்தது. படம் எடுக்க யாரும் வராமல் போய் எத்தனையோ வருடம். ரீலோட் கார்ட்டும் போட்டோ கொப்பியும்தான் ஓடின. மூடிவிடு என்று நீ சொன்னாய், அம்மா சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை. கடைச் சொந்தக்காரர் சாமானை வெளியே வைப்பேன் என்றபோது டின்னைத் திறந்தேன். அடுத்த லோட் காசில் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் டீசல் இல்லாமல் போனது. ஷெட்டில் நாள் கணக்கில் வரிசை. லொறி நின்றது, தவணை ஏறியது, லீசிங்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள்.

நீ எல்லோருக்கும் முன்னால் தம்பியிடம் கணக்குக் கேட்டாய். காசு அவன் பொறுப்பில் இருந்தது, நீ கேட்டது நியாயம். அவன் ஒரு தடவை என்னைப் பார்த்தான். நான் டின்னைத் திறந்த அன்று அவன் வாசலில் நின்றதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "செலவாயிருச்சு அண்ணே" என்றான். நீ அவனைச் சொன்ன வார்த்தைகளை நான் இங்கே எழுதமாட்டேன். நான் போஞ்சி உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மகன். ஒரு வார்த்தை பேசவில்லை. நீ பாஸ்போர்ட் எடுத்தபோதும் பேசவில்லை. கட்டுநாயக்கவில் உன்னை வழியனுப்பியபோதும் பேசவில்லை. இந்த மூன்று வருடத்தில் அவன் ஒரு நாள்கூட என்னிடம் அதைக் கேட்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறான்.

நேற்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. விடிந்ததும் கொழுந்துக்குப் போய்விட்டாள். நான் உனக்கு இதை எழுதுவது சின்னவனுக்குத் தெரியாது.

அவன் இப்போது பழைய பட்டா லொறி ஒன்று வாங்கியிருக்கிறான். கந்தப்பளையில் கோவா, கரட், லீக்ஸ் ஏற்றிக்கொண்டு பேலியகொடைக்குப் போகிறான். முன்பு மார்க்கெட்டில் உன்னைத்தான் எல்லோருக்கும் தெரியும், அவன் உன் பின்னால் பில் கொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இப்போது முதலாளிமார் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சிங்களம் உன்னை விட நன்றாகப் பேசுகிறான். நீ கூடப் போனால் எந்த வாசலில் இறக்குவது என்று அவனைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

தேயிலைத் தூள் இரண்டு பக்கெட், அம்மா இடித்த மிளகாய்த் தூள், எலுமிச்சை ஊறுகாய் வைத்திருக்கிறேன். கடையில் மிஞ்சிய சிடிகளில் அந்த இரண்டாம் பாகத்தையும் வைத்திருக்கிறேன். போட்டுப் பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது, இருந்தாலும் உன்னிடம் இருக்கட்டும்.

என் மேல் கோபம் வந்தால் என்னிடமே காட்டு. தண்ணீர் குடிக்க மறக்காதே.

சின்னவனின் நம்பர் மாறவில்லை. செவ்வாயும் வெள்ளியும் லோட் போகும் நாள். ராத்திரி ஒரு மணிக்கு கித்துள்கலவில், 'குவாய் ஆற்றுப் பாலம்' என்ற அந்த இங்கிலீஷ் படம் எடுத்த ஆற்றுக்கு மேலே, தேத்தண்ணி குடிக்க நிறுத்துவான். உனக்கு அப்போது பத்தரை. ஓடும்போது போன் எடுக்க மாட்டான், அந்த நேரம் பார்த்து எடு. உதவிக்கு ஆள் வைக்கவில்லை. பக்கத்து சீட்டில் யாரும் இல்லாமல்தான் போகிறான்.

இப்படிக்கு,
உன் அப்பா