நீ வில்லன்தான்டா மாப்ள

மாப்ள,

உன் மெசேஜ் பாத்தேன். முட்டி வலிக்கு அந்த எண்ணெய் கேக்குதுன்னா சந்தோஷம், ஆனா அதுக்காக மறுபடி சேத்துல இறங்கி நிக்காத. நாத்து பறிக்கிற வேலைய பயலுவகிட்ட விடு. "அங்க போய் பொழுத எப்படிடா ஓட்டுற"ன்னு கேட்டியே, பத்திரம் படிக்கிறேன்டா. சிரிக்காத. நாப்பது வருஷம் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல உக்காந்து எழுதின கை சும்மா இருக்குமா, மக இங்க லண்டன் க்ராய்டன்ல வாங்கின ஃப்ளாட்டோட பத்திரத்த எடுத்து வச்சிக்கிட்டு ஒவ்வொரு வரியா என்னன்னு கேட்டுக்கேட்டு மாப்பிள்ளைய படுத்துறேன்.

ஃப்ளாட்ட வாங்கினாங்கன்னுதான் நம்ம ஊர்ல எல்லாருக்கும் சொன்னோம், பாத்தா அது 999 வருஷத்துக்கு குத்தகைடா. சரி, குத்தகைன்னா வாடகை எவ்வளவுன்னு தேடினா வருஷத்துக்கு ஒரு மிளகுன்னு போட்டிருக்கு, அதுவும் மண்ணுக்கு சொந்தக்காரன் கேட்டா மட்டும் குடுத்தா போதும். நான் எழுத்துப்பிழைன்னு நெனச்சிட்டேன். இல்லையாம், 2022ல ஒரு சட்டம் போட்டு, இனிமே எழுதுற நீண்டகால வீட்டுக் குத்தகைக்கு தரை வாடகை ஒரு மிளகுக்கு மேல வாங்கக்கூடாதுன்னுட்டாங்க. பிரதிபிரயோஜனம் இல்லாம, அதாவது பதிலுக்கு ஏதாவது குடுக்காம, ஒப்பந்தம் நிக்காதுல்ல, அதுக்கு பேருக்கு ஒரு மிளகு. ஒரு காலத்துல இங்க மிளகு என்ன விலை வித்துச்சு, அப்ப வாடகைக்கு மிளகு குடுத்தா அது நெசமான வாடகை. நம்ம பக்கத்து கடற்கரையில இருந்து கப்பல் வந்து குவிய குவிய வெலை விழுந்து, கடைசில 'மிளகு வாடகை'ன்னாலே சும்மான்னு அர்த்தமாயிடுச்சு. அந்த பெப்பர்ங்கிற பேரும் நம்ம திப்பிலியோட வகையறாதான், பிப்பலி கிரேக்கம் போயி லத்தீன் போயி இங்க வந்து சேந்துச்சு.

இதுல ஆரம்பிச்சதுடா, அப்பறம் நிறுத்த முடியல. 1066ல நார்மண்டிக்காரன் வில்லியம் வந்து இந்த நாட்ட புடிச்சதும் மண்ணு பூரா ராஜாவோடதுன்னு ஆக்கிட்டான். மத்தவனெல்லாம் அவன்கிட்ட இருந்து 'வச்சிருக்கிறவன்' மட்டும்தான். அப்ப யார் யார் எத வச்சிருக்கான், எத்தன ஏரு எத்தன மாடுன்னு 1086ல ஊர் ஊரா எழுதி வாங்கினான் பாரு, அதுதான் டூம்ஸ்டே புக், நம்ம அடங்கல் மாதிரின்னு வச்சிக்கயேன். பதிலுக்கு ஒவ்வொருத்தனும் ஒரு சேவகம் செய்யணும், பெரும்பாலும் சண்டைக்கு வரணும். எல்லாரும் சண்டைக்கே போகணும்னும் இல்ல. சஃபோக்ல ஹெமிங்ஸ்டன்னு ஒரு ஊரு, இரண்டாம் ஹென்றி காலத்துல ரோலண்டுனு ஒருத்தனுக்கு அங்க நெலம். அவனோட சேவகம் என்னன்னா கிறிஸ்மஸ் அன்னைக்கு ராஜா முன்னாடி ஒரு குதி, ஒரு சீட்டி, ஒரு குசு. சத்தியமாடா, லத்தீன்லயே எழுதி வச்சிருக்கான். மக மொறைக்கிற வரைக்கும் சிரிச்சேன்.

இதே மாதிரி லண்டன் மாநகராட்சி ஷ்ராப்ஷயர்ல ஒரு துண்டு நெலத்துக்காக 1211 காலத்து கடமையா ஒரு மொண்ணக் கத்தியும் ஒரு கூரான கோடாலியும், லண்டன்ல ஒரு கொல்லப்பட்டறைக்காக 1235 காலத்து கடமையா 6 லாடமும் 61 ஆணியும் வருஷா வருஷம் அரண்மனைக்கு கட்டுது. பட்டறை எப்பவோ போயிடுச்சு, ஆணிய மட்டும் இன்னைக்கும் கோர்ட்ல வச்சு எண்ணிக் காட்டுறாங்க. க்விட் ரென்ட்னு பேரு. ஞாபகம் இருக்கா, பழைய இனாம் பத்திரத்துல ஜோடின்னு ஒரு சின்ன தொகை வருமே, வெள்ளைக்காரன் அதத்தான் க்விட் ரென்ட்னு எழுதினான்.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். சினிமால வில்லன் வில்லன்னு சொல்றோமே, அந்த வார்த்தைக்கு மூலம் என்ன தெரியுமா, பண்ணையாள்டா. வில்லான்னா லத்தீன்ல பண்ணை, அந்த பண்ணையில உழுறவன் வில்லன். வாரத்துல இத்தன நாள் துரை நெலத்துல சும்மா உழணும், அனுமதி இல்லாம ஊர விட்டு போகக்கூடாது, மகள கட்டிக் குடுக்க காசு கட்டணும், செத்தா வீட்ல இருக்குறதுல நல்ல மாடு துரைக்கு போயிடும். இவ்வளவு பட்டவன் பேருதான் கெட்டவன்னு ஆயிடுச்சு. எழுதினவன் எல்லாம் மாளிகையில இருந்தான், அவனுக்கு சேத்துக்கால்காரன் பாத்தா அசிங்கம், அசிங்கம்னா அயோக்கியன், அவ்வளவுதான் கணக்கு. நீ ரெண்டே முக்கா ஏக்கர்ல நின்னுகிட்டு இருக்கியே, அந்த கணக்குப்படி நீ வில்லன்தான்டா மாப்ள. சர்ல், பூர்னு இன்னும் ரெண்டு வார்த்தை இருக்கு, ரெண்டும் குடியானவன், ரெண்டுக்கும் இன்னைக்கு அர்த்தம் காட்டான்.

அதே நேரத்துல அரண்மனைக்குள்ள இருந்தவன பாரு. மார்ஷல்னா குதிரக்காரன், கொள்ளு வச்சி தேச்சி விடுறவன். அவன்தான் போயி போயி ஃபீல்ட் மார்ஷல் ஆனான், நம்ம மானெக்‌ஷா வரைக்கும். நைட்டுங்கிறது வெறும் பையன், எடுபிடி, ஜெர்மன்ல அந்த சொல்லு இன்னும் பண்ணையாள்னுதான் நிக்குது, இங்க மட்டும் சர் பட்டம். அதே பையன்னு அர்த்தம் உள்ள நேவ்ங்கிற சொல்லு ஃபிராடுன்னு ஆயிடுச்சு, ஒரே வீட்டு ரெண்டு பயலுவ ஒருத்தன் கலெக்டர் ஒருத்தன் ஜெயிலுங்கற மாதிரி. கான்ஸ்டபிள் கதை இன்னும் வேடிக்க, லாயத்துக்கு அதிகாரி, பிரான்ஸ்ல சேனாதிபதி வரைக்கும் ஏறிட்டு நம்ம ஊர்ல வந்து பாவம் பந்தோபஸ்துக்கு வெயில்ல நிக்கிறாரு. லார்டுன்னா ரொட்டிய காக்குறவன், லேடின்னா மாவு பிசையறவ. படியளக்குற மகராசன்னு நம்ம சொல்றதில்லையா, அதேதான்.

ஃபீஸுங்கிற வார்த்தைல மாடு இருக்குங்கறாங்க. பழைய இங்கிலீஷ்ல அதோட சொந்தக்கார வார்த்தைக்கு மாடுன்னும் அர்த்தம், சொத்துன்னும் அர்த்தம், வள்ளுவர் செல்வத்த மாடுன்னு சொல்லலையா அது மாதிரி. அப்பறம் எஸ்சீட்டு. வாரிசு இல்லாம செத்தா சொத்து சர்க்காருக்கு போகும்ல, நம்ம அரசியல் சட்டம் 296லயும் அந்த வார்த்த இருக்கு. இங்க அத வசூலிக்க ராஜா ஆள் போட்டான், அவனுங்க வாரிசு இருக்கறவன் சொத்தையும் சேத்து அமுக்கினானுங்க, அந்த எஸ்சீட்ல தல போயி மிச்சம் நின்னதுதான் சீட்டிங். எந்த ஊரு ரெவின்யூ ஆளும் ஒண்ணுதான்.

போன ஞாயிறு மக மேஃபேர்ல க்ரோவனர் சதுக்கத்துக்கு கூட்டிட்டு போனா. அந்த க்ரோவனர் குடும்பத்துக்கு ஒரு பழைய கேஸு இருக்கு, உனக்கு பிடிக்கும் கேளு. கவசம் போட்டா மூஞ்சி தெரியாதுல்ல, அதனால கேடயத்துல ஆளுக்கு ஒரு சின்னம். 1385ல ராஜா ரெண்டாம் ரிச்சர்டு ஸ்காட்லாந்து மேல படையெடுத்து போறப்ப பாத்தா ஸ்க்ரோப்னு ஒருத்தன், க்ரோவனர்னு ஒருத்தன், ரெண்டு பேர் கேடயத்துலயும் ஒரே சின்னம், நீலத்துல குறுக்க சாஞ்சாப்ல ஒரு தங்கப் பட்டை. நீலத்த நீலம்னு சொல்ல மாட்டானுங்க, அஷர், அது பாரசீகத்துல ஒரு நீலக்கல்லு பேரு. செவப்புக்கு கியூல்ஸ், பிரெஞ்சுல தொண்டையாம். கேஸு அஞ்சு வருஷம் ஓடுச்சு, சாட்சி மட்டும் நூத்துக்கணக்குல. கவிஞர் சாசர் கூட 1386ல வந்து சாட்சி சொன்னாரு. ஃப்ரைடே ஸ்ட்ரீட்ல நடந்து போறப்ப ஒரு சத்திர வாசல்ல இந்த சின்னம் தொங்குச்சு, ஸ்க்ரோப் எறங்கியிருக்காரான்னு கேட்டேன், இல்ல இது க்ரோவனரோடதுன்னாங்க, அன்னைக்குத்தான் அந்த பேரையே கேள்விப்பட்டேன்னு சொன்னாரு. க்ரோவனர் காலி. 1390ல ராஜாவே ஸ்க்ரோப்புக்குத்தான்னு தீர்ப்பு சொல்லிட்டான். க்ரோவனர் பட்டைய விட்டுட்டு தங்க நெற... கோதுமை கட்டு ஒண்ண வச்சிக்கிட்டான். (நெல்லுன்னே எழுத வருது பாரு.) ஆனா அந்த குடும்பம் மறக்கல மாப்ள, கிட்டத்தட்ட 500 வருஷம் கழிச்சி அதோட வாரிசு வெஸ்ட்மின்ஸ்டர் டியூக்கு ஒரு குதிரைக்கு 'பெண்ட் ஆர்'னு பேர் வச்சாரு, தங்கப் பட்டைன்னு அர்த்தம். அது 1880ல டெர்பி குதிரைப் பந்தயத்துல ஜெயிச்சிது.

எனக்கு உறுத்தினது வேற. இதே ரிச்சர்டுதான் 1381ல, பதினாலு வயசுல, பண்ணையாளுங்க வாட் டைலர் தலைமையில லண்டனுக்கே வந்து நின்னப்ப உங்களுக்கெல்லாம் விடுதலைன்னு சாசனம் எழுதிக் குடுத்துட்டு, கூட்டம் கலைஞ்சதும் செல்லாதுன்னவன். ஒரு பட்டைக்கு அஞ்சு வருஷம் விசாரணை நடந்துச்சு, இவனுங்களுக்கு எழுதிக் குடுத்த பத்திரம் அந்த கோடை தாண்டல. பத்திரக்காரனுக்கு வயிறு எரியாதா. அப்பறம் அவனுங்க வம்சம் கொஞ்சம் கொஞ்சமா துரை கோர்ட்டு பதிவேட்டுல பேர ஏத்தி, அந்த பக்கத்துக்கு நகல் வாங்கி கையில வச்சிக்கிட்டு இதுதான் என் ஆதாரம்னு நின்னானுங்க. காப்பிஹோல்டுன்னே அதுக்கு பேரு. நம்ம சிட்டா நகல் கணக்கா. 1926லதான் அது ஒழிஞ்சி முழு சொத்தாச்சு.

சரி, ஒண்ணரை அடி வரப்புக்கு உன் பங்காளி போட்ட கேஸு பதினோரு வருஷமா ஓடுதே, அடுத்த வாய்தா எப்ப? 84ல நான் எழுதின பாகப்பத்திரம் ஒரிஜினல எடுத்து பத்திரமா வை, ஜெராக்ஸ வச்சிக்கிட்டு கோர்ட்டுக்கு போயிடாத. தை பிறந்ததும் வந்துடுவேன், தேவைப்பட்டா கூண்டுல ஏறி நானே சொல்றேன்.

தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன்
பத்திரம்

(மிளகு இங்க கொள்ள வெல. வர்றப்ப எதுவும் வாங்கிட்டு வரமாட்டேன், நீதான் அரைக் கிலோ வாங்கி வைக்கணும், மகளுக்கு அனுப்ப.)