தாத்தாவின் நோட்டுக் கட்டு

சுங்கை சிப்புட்

அன்புள்ள மகளுக்கு,

தாத்தா சேர்த்து வைத்த பழைய பண நோட்டுக் கட்டை நீ கோலாலம்பூருக்கு எடுத்துப்போனதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் விற்பதற்காகக் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் அவற்றை இஸ்திரி போட்டு நேராக்கப்போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். அதை மட்டும் செய்யாதே கண்ணு. கழுவ வேண்டாம், அழிப்பான் வைத்துத் தேய்க்க வேண்டாம், கிழிந்த ஓரத்தில் டேப் ஒட்ட வேண்டாம். எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து சம்பள நாளில் நோட்டு எண்ணிப் பழகிய கை என்னுடையது. புது நோட்டில் அச்சு மை சற்று மேடாக நிற்கும், விரல் நுனிக்குத் தெரியும். இஸ்திரிப் பெட்டி அந்த மேட்டை நசுக்கிவிடும். காகிதமும் இயல்பு கெட்டுப் பளபளப்பாகிவிடும். விஷயம் தெரிந்தவன் கையில் வாங்கியதுமே கண்டுபிடித்துவிடுவான். மடிப்போடு இருந்தால் மதித்து வாங்குவான், மடிப்பை மறைத்த நோட்டு என்றால் விலையைப் பாதியாக்கப் பார்ப்பான்.

நீயே முதலில் பார்த்துப் பழகு. விளக்கைத் தலைக்கு மேலே வைக்காமல் பக்கவாட்டில் வைத்து, நோட்டைச் சாய்த்துப் பிடி. மடிப்பு இருந்தால் கோடாக நிழல் விழும். லேசான வளைவு வேறு, காகிதத்தின் நாரே உடைந்த மடிப்பு வேறு. அப்புறம் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார். குண்டூசி ஓட்டை, ஒட்டுப்போட்ட இடம், சுரண்டி மெலிந்த இடம் எல்லாம் தெரியும். நான்கு மூலைகளையும் பார்க்க மறக்காதே, நிறையப் பேர் நடுவை மட்டுமே பார்ப்பார்கள்.

நோட்டின் தரத்தை ஆங்கில எழுத்துகளால் குறிப்பார்கள். மடிப்பே இல்லாமல், மூலை கூராக, காகிதம் மொடமொடவென்று இருந்தால் அது யு.என்.சி., அதாவது புழங்காத நோட்டு. நடுவில் லேசாக ஒரே ஒரு மடிப்பு என்றால் ஏ.யு., ஏறக்குறைய புழங்காதது. இரண்டு மூன்று மடிப்பு விழுந்தும் விறைப்பு போகாதது இ.எஃப்., மிக மிக நல்லது. அதற்குக் கீழே வி.எஃப். (மிக நல்லது), எஃப். (நல்லது) என்று இறங்கும். தரம் பார்த்துப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் நிறுவனங்கள் 70 வரை எண் போடுகின்றன. மேல் படிகளில் ஒரு படி இறங்கினாலே விலை பாதாளத்துக்குப் போகும். அதனால் சந்தேகம் வந்தால் ஒரு படி குறைத்தே எழுது.

கட்டில் அதிகம் இருப்பவை வாழைமரம் போட்ட பத்து வெள்ளி (டாலர்) ஜப்பான் நோட்டுகள். இவற்றைப் பார்த்துப் பெரிய பணம் என்று அத்தையிடம் ஆசை காட்டிவிடாதே. 1942 முதல் 1945 வரை மலாயாவைப் பிடித்து ஆண்டபோது ஜப்பான்காரன் அடித்துத் தள்ளிய காசு அது. ஆரம்பத்தில் தொடர் எண் போட்டார்கள். பிறகு எண் போடுவதையும் விட்டுவிட்டு வெறும் எழுத்துகளோடு அச்சடித்தார்கள், விலைவாசி எங்கேயோ போயிற்று. ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குத் தோட்டத்து ஆண்களைப் பிடித்துப்போன அந்த நாளில், தொழிலாளர் குடியிருந்த லயத்தில் மிஞ்சியவர்கள் மரவள்ளிக் கிழங்கு வாங்கியது இந்த நோட்டைக் கொடுத்துத்தான். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்து இவை செல்லாது என்று சொன்னதும், பாடுபட்டுச் சேர்த்தவர்கள் கையில் வெறும் காகிதம் நின்றது. மாற்ற முடியாமல் போனதால்தான் இத்தனை மிஞ்சியிருக்கின்றன, விலையும் குறைவு. எழுத்துக்குப் பக்கத்தில் எண் உள்ளது இருந்தால் தனியாக எடுத்து வை, அதற்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. போலியும் நிறைய அலைகிறது.

ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட நீல நிற ஒரு வெள்ளி நோட்டில் 1941 என்று தேதி இருக்கும். ஆனால் அது போருக்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. நைந்ததாக இருந்தால் சாதாரண விலைதான். பாய்மரப் படகு போட்ட 1959 நோட்டையும், எருமை உழும் 1961 பத்து வெள்ளியையும் மடிப்பு பார்த்துப் பிரித்து வை. மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 1967-இல் வெளியிட்ட முதல் நோட்டுகளில் எண்ணுக்கு முன்னால் இசட் எழுத்து இருந்தால் எனக்கு உடனே சொல். அச்சில் கெட்டுப்போன நோட்டுக்குப் பதிலாக அடித்தவை அவை, சேர்ப்பவர்கள் தேடுவார்கள்.

இணையத்தில் விலை பார்க்கும்போது கேட்கிற விலையை நம்பாதே, விற்று முடிந்த விலையைப் பார். கடைக்காரரும் லாபம் வைத்துத்தான் வாங்குவார், அது நியாயம். சாதாரண நோட்டுக்குத் தரச் சான்று வாங்கப் போகாதே, நோட்டின் விலையைவிட அந்தச் செலவு அதிகமாகிவிடும்.

பி.வி.சி. என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டால் நாளாக நாளாகப் பிசுபிசுத்து நோட்டைக் கெடுக்கும். நோட்டைக் கெடுக்காத மைலார் என்ற பிளாஸ்டிக் உறை வாங்கு. நம் ஊர் ஈரத்துக்குப் பழுப்புப் புள்ளி சீக்கிரம் விழும், அதனால் சுவரோரம் வைக்காதே. வாழைமர நோட்டில் ஒன்றை மட்டும் விற்காமல் தம்பிக்கு வைத்துவிடு. மற்றவற்றை, முக்கியமாக அந்த நீல நோட்டை, சாய்ந்த வெளிச்சத்தில் முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும் வரை எந்தக் கடையிலும் விலை பேசி முடிக்காதே.

அன்புடன்,
அப்பா