கோலப்பனுக்கு: இரண்டு விசாவுக்கு ஒரு பாலிசி போதாது

நாகர்கோவில்
வியாழக்கிழமை

அன்புள்ள கோலப்பா,

இங்கு யாவரும் நலம். நீயும் மைனியும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். முதலில் மகள் சுதாவிடம் ஜெர்மனிக்கும், அங்கிருந்து மகன் மகேஷிடம் கனடாவுக்கும் போகப் போகிறீர்கள் என்ற செய்தி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தக்கலையைத் தாண்டினாலே தலைவலி என்பவன் அட்லாண்டிக்கைத் தாண்டப் போகிறானா என்று ஆசீர்வாதம் விழுந்து விழுந்து சிரித்தான். வடசேரிக் குடையை மறக்காமல் எடுத்துப் போகச் சொன்னான்.

இனி, இந்தக் கடிதத்தை அவசரமாக எழுதுவதற்கான காரணம். மார்த்தாண்டத்து ஏஜென்ட் கொடுத்ததாக நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயணக் காப்பீட்டுப் பாலிசியை நேற்றிரவு வரிவரியாகப் படித்தேன். காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தவனுக்குக் கண் முதலில் போவது, எந்தெந்த நாடுகளில் செல்லும் என்ற கட்டத்துக்குத்தான். உன்னுடையதில் 'அமெரிக்கா, கனடா நீங்கலாக உலகம் முழுவதும்' என்று அச்சாகியிருக்கிறது. மகேஷின் வீட்டில் உனக்கு நெஞ்சுவலி வந்தால் இந்தத் தாள் ஒரு காசுக்கும் உதவாது.

ஒரே பயணம், ஆகவே ஒரே பாலிசி என்று ஏஜென்ட் எண்ணியிருக்கலாம். ஆனால் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது டிக்கெட்டைப் பார்ப்பதற்கு முன் விசாவைப் பார்க்க வேண்டும். ஜெர்மனிக்கு நீ கேட்பது, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா. அதற்கு என்ன காப்பீடு வேண்டும் என்பதை 2009-ஆம் ஆண்டு ஐரோப்பிய விசா விதித்தொகுப்பின் 15-ஆம் பிரிவு சொல்கிறது: குறைந்தது 30,000 யூரோ, ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் செல்ல வேண்டும், தங்கும் நாள் முழுவதையும் உள்ளடக்க வேண்டும், அவசர சிகிச்சை, மருத்துவக் காரணத்துக்காக ஊருக்குத் திருப்பி அனுப்புதல், மரணம் ஆகியவற்றுக்கான செலவை ஏற்க வேண்டும். கனடாவை ஒதுக்கிய அந்தப் பாலிசி, 50,000 டாலர் என்பதால், இதற்குத் தொகையளவில் பொருந்தும். தேதிதான் இடிக்கிறது. நீங்கள் ஃபிராங்ஃபர்ட்டில் இருந்து புறப்படும் நாள் 29. பாலிசி முடியும் நாள் 28. அந்த ஒரு நாளுக்காகவே விண்ணப்பம் தடைபடலாம். உடனே திருத்தச் சொல். சுதாவின் காப்பீட்டில் நீங்களும் சேர்ந்திருப்பீர்கள் என்று மைனி நினைத்திருந்தால் அதுவும் சரியல்ல. அங்குள்ள அரசுமுறைக் காப்பீட்டில் துணைவரையும் பிள்ளைகளையும் குடும்பமாகச் சேர்க்கலாமே தவிர, பெற்றோரைச் சேர்க்க முடியாது.

கனடாவின் கதை முற்றிலும் வேறு. சாதாரண விசிட்டர் விசாவுக்குக் காப்பீடு கட்டாயமில்லை. ஆனால் மகேஷ் உங்களுக்குக் கேட்டிருப்பது பெற்றோருக்கான சூப்பர் விசா. ஒரு தடவை போனால் ஐந்து ஆண்டு வரை தங்கலாம் என்ற சலுகைக்கு ஈடாக, ஒரு லட்சம் கனடிய டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீட்டை, நுழையும் நாளில் இருந்து ஓராண்டுக்குக் குறையாமல், விண்ணப்பிக்கும்போதே காட்டச் சொல்கிறார்கள். விலைப்பட்டியல் மட்டும் போதாது. பணம் கட்டிய அத்தாட்சி வேண்டும், தவணையாகக் கட்டினாலும் சரி. முன்பு கனடிய நிறுவனத்தின் பாலிசியை மட்டுமே ஏற்றார்கள். 2025 ஜனவரி முதல், அந்நாட்டு நிதி நிறுவனக் கண்காணிப்பு அலுவலகத்தின் அனுமதி பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களின் பாலிசியும் செல்லும். ஆகவே இதை மார்த்தாண்டத்தில் தேடாமல், மகேஷையே அங்கு வாங்கச் சொல்வது நல்லது.

விசாவுக்கு வேண்டியது இவ்வளவுதான். எனக்குத் தூக்கம் வராமல் செய்தது வேறு. போன மாதம் டாக்டர் உன் பிரஷர் மாத்திரையின் அளவைக் கூட்டியதாகச் சொன்னாயே, அதுதான். வருகையாளர்களுக்கான கனடியப் பாலிசிகளில் சில, ஏற்கெனவே உள்ள நோயை அடியோடு ஒதுக்கிவிடும். வேறு சில, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 90 நாளோ 180 நாளோ அந்த நோய் நிலையாக இருந்திருந்தால் மட்டும் ஏற்கும். நிலையாக இருப்பது என்றால் நோய் கூடாமல் இருப்பது மட்டுமே என்று நாம் நினைப்போம். அவர்களோ புதிய மருந்து எழுதுவதையும், இருக்கும் மருந்தின் அளவைக் கூட்டுவதையும், பல பாலிசிகளில் குறைப்பதையும்கூட மாற்றமாகவே கணக்கிடுவார்கள். ஸ்டென்ட் வைத்த உனக்கு இது சின்ன விஷயமல்ல. ஒரு லட்சம் டாலர் பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டே, இதயத்துக்கான சிகிச்சைக்கு மட்டும் மகேஷ் கையில் இருந்து கட்ட நேரிடலாம். மாகாண அரசின் இலவச மருத்துவம் உன்னைப் போல வருகையாளராக வந்தவருக்குக் கிடையாது.

இதற்காகக் கூட்டிய மாத்திரையைப் பழைய அளவுக்கே குறைத்துக் கொள்ளலாமா என்று யோசிக்கிறவன் நீ. உன்னை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதே. டாக்டர் சொன்னபடியே விழுங்கு. வேண்டுமானால் பயணத்தை அந்த நாள் கணக்குக்கு ஏற்பத் தள்ளிப் போடலாம். அல்லது குறைந்த கால நிபந்தனை உள்ள பாலிசியைக் கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கலாம். விண்ணப்பத்தில் கேட்கும் மருத்துவக் கேள்விகளை ஏஜென்ட் நிரப்ப விடாதே. ஸ்டென்ட், சர்க்கரை, பிரஷர் மூன்றையும் நீயே எழுது. மறைத்தது பிறகு தெரிந்தால் கிளெய்மே விழுந்துவிடும். அப்படி விழுந்த கோப்புகளை நான் கையால் புரட்டியிருக்கிறேன்.

இடையில் ஒன்று. சூசையின் இளையவன் குளச்சலில் இருந்து பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போகிறானாம். பத்தாம் வகுப்பு தேறாததால் அவனுடைய பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். வேலை விசாவில் முறையாக அந்த அனுமதி வாங்கிப் போனால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற நம் அரசின் காப்பீடு கட்டாயமாகச் சேரும், விபத்தில் உயிர் போனாலும் நிரந்தரமாக முடங்கினாலும் 10 லட்சம் ரூபாய் உண்டு. விசிட் விசாவில் ஏறிவிட்டால் அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. படகில் கை போனாலும் அந்தத் தொகை கிடைக்காது. நான் சொன்னால் கேட்க மாட்டான். நீ சூசையிடம் பேசு.

பாலிசிக்குப் பணம் கட்டும் முன், விசா மறுக்கப்பட்டால் பிரீமியம் திரும்ப வருமா, தொடங்கும் தேதியை மாற்றலாமா என்ற இரண்டையும் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கச் சொல் மகேஷிடம். அவன் அனுப்பும் பாலிசியின் நிபந்தனைப் பக்கங்களை, முதல் பக்கத்தை மட்டுமல்ல, முழுவதையும் எனக்கு அனுப்பு. உன் மருந்துச் சீட்டுகளையும் சேர்த்து அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்துச் சொல்கிறேன். அதுவரை யாருக்கும் பணம் கட்டாதே.

மைனிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் ராஜமணி