உருக்க வேண்டாம், அது ஆற்காடு ரூபாய்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் சித்தூர் பக்கம் பாட்டி காலத்து வெள்ளி ரூபாயைக் கொலுசுக்காக எடைக்குப் போட்டு உருக்கிவிடுகிறார்கள், மனசு கேட்கவில்லை. அதில் இருப்பது பாரசீக எழுத்து. ஒரு பக்கம் முகலாய பாதுஷாவின் பெயர், மறுபக்கம் அவர் பட்டமேறி எத்தனையாவது ஆண்டு, எந்த ஊரில் அடித்தது என்பதெல்லாம் இருக்கும், பக்கத்து ஆற்காட்டின் பெயரே பல காசுகளில் உண்டு. 1736-இல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களும் 1742-இல் சென்னை ஆங்கிலேயர்களும் அனுமதி வாங்கி அதே ஆற்காடு ரூபாயை அடித்தார்கள். பாதுஷா இரண்டாம் ஆலம்கீர் 1759-இல் கொலையான பிறகும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி அவர் பெயரிலேயே அடித்துக்கொண்டிருந்தது! புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு இருக்கிறது, அங்கே விசாரித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

ஒரு வாசகர், சித்தூர்