கடைசிப் பாரம் இல்லாத புத்தகம்

மதுரை
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள ஸ்டெல்லா,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் அண்ணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஜெபா மகன் ஞானஸ்நானத்துக்கு நான் வரவில்லை என்று நீ திட்டியதெல்லாம் விமலா வழியாக வந்து சேர்ந்தது. அவள் வழியாக வந்தால் எதுவும் வட்டியோடுதானே வரும். வாங்கிக்கொண்டேன்.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இதை ஃபோனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நான் ‘ஹலோ’ சொல்லும் தினுசிலேயே கண்டுபிடித்துவிடுவாய். முப்பது வருஷத்துக்கு மேல் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட் மாட்டிய காது அது. ஒரு குற்றம் செய்திருக்கிறேன் ஸ்டெல்லா. கொலை இல்லை, அதற்குப் பக்கத்தில் வரும். உடனே கடைசித் தாளைப் புரட்டாதே, உன் புத்தி எனக்குத் தெரியும். வரிசையாகப் படி.

மார்ச்சில் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். ஆபரேஷன் அரைமணி நேரக் காரியம். அதற்கப்புறம் மருமகள் போட்ட சட்டம்தான் பெரிசு: குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, ஒரு வாரத்துக்கு டி.வி.யும் புத்தகமும் கிடையாது. பாவம் பார்த்து அவளே என் ஃபோனில் ஆடியோ புத்தகம் போட்டுக் கொடுத்தாள். கதை சொல்லித் தூங்கவைக்க நான் என்ன பாலர் பள்ளிப் பிள்ளையா என்று முதல் நாள் கடுகடுத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் காதில் ஒயரோடு உட்கார்ந்திருந்தேன். கண் சரியான பிறகும் விடவில்லை. போன மாதம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டேன்; கதையில் கதவைத் திறந்தது யார் என்று தெரிந்த நேரம் பார்த்தால், காம்பெல்லாம் சட்டிக்குள், இலையெல்லாம் குப்பையில். இவர் சாப்பிடும்போது ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ரசம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டார்.

துப்பறியும் கதை மாதிரிக் காதுக்கு வாகான சரக்கு வேறு இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். புத்தகம் கையில் இருந்தால் நான் யோக்கியம் கிடையாது. எண்பதாம் பக்கத்தில் பயம் வந்தால் நூற்றுப் பத்தை எட்டிப் பார்ப்பேன். நீ அதற்கும் மேல், கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு எல்லோரையும் மிரட்டுகிறவள். காதில் அந்தத் திருட்டுத்தனம் நடக்காது. பதினைந்து வினாடி முன்னால் தள்ளினால் ஏதோ ஒரு அறையின் நடுவில் போய் விழுவோம், யார் பேசுகிறார்கள் என்றே புரியாது. கண் என்ன செய்யும் தெரியுமா, ஒரு பாராவைப் படிக்க ஆரம்பிக்கும்போதே அதன் அடியில் இருக்கும் ‘ரத்தம்’ என்ற சொல்லைப் பார்த்துவிடும். காதுக்கு அந்தச் சொல் முறை வந்தால்தான் வரும். துப்பை ஒளித்துவைப்பதும் சுலபம். மூன்றாம் அத்தியாயத்தில் வேலைக்காரி பால் வாங்கப் போனதாகப் போகிறபோக்கில் ஒரு வரி வரும். நான் அப்போது குக்கர் விசில் எண்ணிக்கொண்டிருப்பேன். கடைசியில் அந்தப் பாலில்தான் எல்லாமே இருக்கும்!

எல்லாவற்றையும்விட இன்னொன்று. ராத்திரி, இருட்டு, காதுக்குள் ஒரே ஒரு குரல். அந்த மூன்றாம் நாளே எனக்கு நம் நைட் டியூட்டி ஞாபகம் வந்துவிட்டது.

சரி, வாக்குமூலத்துக்கு வருகிறேன். நீ மறந்துவிட்டதாகச் சாதிப்பாய், அதனால் முழுசாகவே எழுதுகிறேன். 1987 டிசம்பர். நீ திருநெல்வேலி போர்டில், நான் மதுரையில். ஒன்றரை மணிக்கு மேல் வெளியூர் டிரங்க் கால் ஓய்ந்ததும், சும்மா கிடந்த லைனில் உனக்கு நான் மாத நாவல் வாசிப்பேன். அன்றைக்கு லெண்டிங் லைப்ரரியிலிருந்து எடுத்துவந்ததில் கடைசிப் பாரமே இல்லை, முடிவு இருக்கிற பக்கமெல்லாம் அந்த அச்சுத்தாளோடு போய்விட்டது. கொலைகாரன் யார் என்று தெரியாமல் இரண்டு பேரும் தவித்தோம். முக்கால்வாசியில் ஒரு லைட்னிங் கால் வேறு குறுக்கே வந்தது, எட்டு மடங்கு காசு கொடுத்து யாரோ மாமனாருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள். திரும்ப லைனுக்கு வந்ததும் நீ, “இருடீ, முடிவை நான் சொல்லுதேன்” என்றாய்.

மனைவியைத் தூத்துக்குடியில் கொன்றவன், அதே நேரம் மதுரையில் வீட்டிலிருந்து கோயம்புத்தூர்த் தம்பியோடு டிரங்க் காலில் பேசிக்கொண்டிருந்தேன் என்கிறான். ஆபரேட்டர் எழுதிய கால் டிக்கெட்டில் நேரம் இருக்கிறது. தம்பியும் ஆமாம் என்கிறான். ஆனால் அது முழுக்கத் தம்பியைத் திட்டுகிற கால். தம்பி ‘சரிண்ணே, சரிண்ணே’ என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. ஆபரேட்டர் மட்டும் ஒன்றைக் கவனித்திருக்கிறாள். ‘மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா?’ என்று அவள் குறுக்கே நுழைந்தபோது, எந்த மனுஷனும் ஒரு எழுத்தாவது விழுங்கித் திணறுவான். இவன் திணறவில்லை. குரல் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது, நீட்டிக்கச் சொன்னதும் தம்பிதான். மதுரையில் டிரைவர் ஓடவிட்டது டேப். இதை நீ தேநீர் குடித்துக்கொண்டே சொன்னாய். டம்ளரைக் கீழே வைத்த சத்தம்கூட எனக்குக் கேட்டது.

அந்த முடிவுக்கு முன்னால் புதுசாக ஒரு கதையைக் கட்டி, இருபது எபிசோடாக எழுதி, விற்றுவிட்டேன். என் பெயரில். இதுதான் குற்றம்.

நம் காலத்தில் இது நடந்திருக்குமா சொல்லு. பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய மாத நாவல் அத்தனையிலும் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று நாலைந்து பெயர்தான். ராஜேஷ்குமார் ஒருத்தரே ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் எழுதியிருக்கிறார், புதுசாக ஒருத்தி எந்தக் கயிற்றில் போய்த் தொங்குவது? இப்போது கயிறுகள் நிறைய. 2016 கடைசியில் கிண்டில் மின்புத்தகத்தில் தமிழ் வந்தது, யாரையும் கேட்காமல் நாமே புத்தகம் போட்டுக்கொள்ளலாம். 2017-ல் ஆடியோ புத்தகம் போடும் ஸ்டோரிடெல் இந்தியாவுக்கு வந்தது, அடுத்த வருஷம் ஆடிபிள். அப்புறம் குக்கூ எஃப்.எம்., பாக்கெட் எஃப்.எம். என்று ஒவ்வொன்றாக. எல்லோருக்கும் கதை வேண்டும், அதிலும் எபிசோடு எபிசோடாக. பழைய தொடர்கதைக்காரர்கள் வாராவாரம் செய்ததுதான், ‘கதவைத் திறந்தாள், அங்கே…’ என்று நிறுத்துவது. வாசிப்பவர் வேகத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், நிமிடத்துக்கு நூறு வார்த்தைகூட வரவில்லை. ஆயிரத்து இருநூறு வார்த்தை எழுதினால் ஒரு எபிசோடு தேறிவிடும்.

எழுதுவது வேறு தொழில், காதுக்கு எழுதுவது வேறு தொழில் என்று அப்போதுதான் தெரிந்தது. என் கதையில் முருகேசன், முருகவேல், முருகையா என்று மூன்று பேர். தாளில் ஒன்றும் தெரியவில்லை. வாசித்துக் கேட்டபோது யார் யாரைக் கொன்றார்கள் என்று எனக்கே பிடிபடவில்லை. ஒருவனை ஜோசப் ஆக்கினேன், ஒருவனை ரஹீம் ஆக்கினேன். ‘என்றான், என்றாள்’ எல்லாம் தாளில் கண்ணுக்குத் தெரியாது, காதில் ஆணி அடிப்பதுபோல் விழும். உன் மூன்று நிமிஷக் காட்சிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. இரண்டு குரல் ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டிய இடம் அது, வாசிப்பதோ ஒரே ஒரு பெண். ஒரே வாயில் இரண்டு பேர் எப்படிப் பேசுவது? ஐந்து தடவை மாற்றி எழுதினேன். கடைசியில் அவன் திட்டும் வாக்கியத்தை நடுவில் வெட்டி, ஆபரேட்டர் கேள்வியை உள்ளே சொருகி, அதே வாக்கியத்தை வெட்டிய எழுத்திலிருந்தே தொடரவிட்டேன். அந்தப் பெண் அதை மூச்சுவிடாமல் வாசித்திருக்கிறாள். கேட்டபோது புல்லரித்தது. சில கதைகளை இயந்திரக் குரலே வாசிக்கிறது ஸ்டெல்லா. கொலை விழும் இடத்திலும் காய்கறி விலை சொல்வதுபோலப் போகும். உன் டேப் ஆசாமிதான், எதற்கும் திணறாது.

இதை யாரிடமாவது காட்டிப் பெருமையடிக்க வேண்டாமா? போன ஞாயிற்றுக்கிழமை எல்லீஸ் நகரில் நம் பழைய சூப்பர்வைசர் பன்னீர் சார் வீட்டுக்குப் போனேன். உனக்குத் தெரியாதே, சர்க்கரை அவர் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. ஹாலின் அந்தக் கோடியிலிருந்து நம் பேனா மூடி காணவில்லை என்று கண்டுபிடித்து மெமோ கொடுத்த கண். ஈஸிசேரில் உட்கார்ந்திருந்தார், ஃபோனின் மேல்முனையில் ஒரு ரப்பர்பேண்டு சுற்றியிருந்தது. எந்தப் பக்கம் மேலே என்று தடவிப் பார்க்கவாம். வாரத்துக்கு மூன்று நாவல் கேட்கிறார், எல்லாம் கொலை.

பார்வை இல்லாதவர்களுக்காகத்தான் இதெல்லாம் பெரிய அளவில் தொடங்கியது. 1935-ல் இங்கிலாந்தில் பார்வையற்றோர் சங்கம் இசைத்தட்டில் புத்தகம் கொண்டுவந்தது, முதல் உலகப்போரில் கண் போன சிப்பாய்களையும் மனதில் வைத்து. தட்டின் ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து நிமிடம், ஒரு நாவலுக்குப் பத்துத் தட்டு. முதலில் வந்தவற்றில் ஒன்று என்ன தெரியுமா? அகதா கிறிஸ்டியின் ரோஜர் ஆக்ராய்டு கொலைக் கதை. அதிலும் குரல் பதியும் இயந்திரம் ஒன்று வருகிறது. இதற்கு மேல் சொன்னால் என்னைக் கொன்றுவிடுவாய்.

பன்னீர் சாருக்கு என் எபிசோடுகளைப் போட்டேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று நிமிஷக் காட்சி வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

“ஏம்மா பத்மா, இது ஸ்டெல்லா சொன்ன முடிவுல்ல?”

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. அவரே சொன்னார்: “ராத்திரியில நானும் அந்த லைன்லதான் இருப்பேன், மானிட்டர்ல கேட்டுக்கிட்டு. நீ வாசிப்பே, அந்தப் புள்ள சிரிக்கும். கடைசிப் பாரம் இல்லேன்னதும் எனக்கே திக்குன்னு ஆயிடுச்சு.”

பேனா மூடிக்கு மெமோ கொடுத்த மனுஷன், இலாகா லைனில் கதை படித்ததற்கு ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. நாம் ‘பன்னீர் சோடா’ என்று கிண்டல் செய்ததையும் கேட்டிருப்பார்தானே? நான் தலையைக் குனிந்துகொண்டேன், அவருக்குத் தெரியாது என்பதுகூட அப்போது ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் புள்ள பேரு எங்கேயும் வரலையே” என்றார். குற்றம் சொல்லவில்லை, சும்மாதான் கேட்டார். அதுதான் இன்றைக்கு வரைக்கும் உறுத்துகிறது.

பணம் பதினெட்டாயிரம் வந்தது. உன் பாதி ஒன்பதாயிரத்தை இதைத் தபாலில் போட்ட அன்றே ஜி-பேயில் அனுப்பிவிடுவேன், எண் பழையதுதானே? நீ கோர்ட்டுக்குப் போகலாம் என்று நினைத்தால் ஒன்று சொல்கிறேன், தோற்றுவிடுவாய். வெறும் ஐடியாவுக்குப் பதிப்புரிமை கிடையாதாம், எழுதியவளுக்குத்தானாம். என் கொழுந்தன் மகன், வக்கீல், சொன்னான். அதே வாயால் என்னையும் ஒரு பிடி பிடித்தான்.

நான் கதை கொடுத்தது மேலே சொன்ன பெரிய இடங்களில் இல்லை, ஒரு சின்னக் கம்பெனி, பெயர் வேண்டாம். பதினொரு பக்க ஒப்பந்தத்தைக் கண்ணாடிகூட மாட்டாமல் கையெழுத்துப் போட்டேன். உள்ளே என்ன இருக்கிறது? ஒலி, அச்சு, சினிமா, எல்லா மொழி, உலகம் முழுக்க, நிரந்தரமாக. அந்தக் கதையை இனி நான் ஒரு சின்னப் புத்தகமாகப் போடக்கூட அவர்களைத்தான் கேட்க வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 19-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம். ஒப்பந்தத்தில் காலம் எழுதாமல் விட்டால் ஐந்து வருஷம் என்றுதான் அர்த்தம், இடம் எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும். இவர்கள் விடுவார்களா, இரண்டையும் எழுதிவைத்திருக்கிறார்கள். “பெரியம்மா, கதையிலே அத்தனை துப்பு வச்சீங்க, ஒப்பந்தத்திலே ஒண்ணுகூடக் கண்ணுல படலையா?” என்கிறான். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் புதுசாக எழுத வருகிற பிள்ளைகள் எத்தனை பேர் இப்படிக் கொடுத்துவிட்டு நிற்பார்கள்? முதல் கதையை ஒருத்தர் எடுத்துக்கொண்டார் என்ற சந்தோஷத்தில் யார் பதினொரு பக்கம் படிப்பார்கள்?

அதனால் இரண்டாவது கதையை நாம் சேர்ந்து எழுதுகிறோம். கேட்கவில்லை, சொல்கிறேன். ஒலி உரிமை மட்டும், ஐந்து வருஷம், அச்சு நம்மிடமே. வக்கீல் பையன் பார்த்த பிறகுதான் கையெழுத்து. மூளை உன்னுடையது, கை என்னுடையது, உன் பெயர் முதலில். இன்னார்தான் வேண்டும் என்று புக் பண்ணும் பி.பி. கால் சமாசாரம் ஒன்று சொல்வாயே, ஆள் வந்து லைனில் நின்ற பிறகு பேச யாரும் இல்லாமல் போனது, அதை வைத்து ஒரு பிணத்தை எங்கே போடலாம் என்று யோசித்துவை.

வியாழக்கிழமை ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். திட்டுவதை முதல் மூன்று நிமிஷத்தில் முடித்துக்கொள். பன்னீர் சாரும் லைனில் இருப்பேன் என்கிறார். இந்தத் தடவை சொல்லிவிட்டே கேட்பாராம்.

அன்புடன்,
பத்மா

பி.கு.: விமலாவிடம் இதில் ஒரு வார்த்தை மூச்சுவிடாதே. முந்திரிக்கொத்து வந்தது, பாதி உடைந்து வந்தது, பாதியை இவர் உடைத்தார்.