கடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது

லாரன்ஸ்வில், ஜார்ஜியா
20 அக்டோபர் 2024

கண்ணு,

தம்பி வியாழக்கிழமை ஃபீனிக்ஸ் வருகிறான். அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் தனித்தனி டப்பாவில் இருக்கின்றன. முதலில் உன் ஆபீஸ் முகவரிக்குத் தபாலில் அனுப்பலாம் என்றுதான் கட்டி வைத்தேன். அப்பா பார்த்துவிட்டு, "தேர்தல் ஆபீசுக்குப் போய்ப் பொடி அனுப்புகிறாயே, புத்தி இருக்கிறதா உனக்கு" என்று கத்தினார். அப்புறம்தான் எனக்கே உறைத்தது. நீ வீடு மாறிவிட்டாய் என்று தம்பி வாய் தவறிச் சொன்னான். புது முகவரியை நான் அவனிடம் கேட்கவில்லை. அவனைத் திட்டாதே.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஈரோட்டு மாமாவுக்குத் தையில் அறுபதாம் கல்யாணம். அவ்வளவு நடந்த பிறகும் அத்தை முதல் ஃபோனை நமக்குத்தான் போட்டாள், போகாமல் இருக்க முடியாது. நீ வருவாயா மாட்டாயா என்று இப்போதே கேட்கவில்லை. நவம்பர் முடியட்டும்.

தபால் கவர்களைக் கையுறை போடாமல் பிரிக்காதே. போன வருஷம் நவம்பரில் எத்தனை மாநிலத் தேர்தல் ஆபீசுகளுக்குப் பொடி வைத்துக் கடிதம் போனது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிலவற்றில் ஃபென்டனில் என்கிற கொடிய போதை மருந்து இருந்தது. இங்கே அட்லாண்டா இருக்கும் ஃபுல்டன் கவுண்டிக்கும் ஒன்று அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கு நம் மாநிலத் தேர்தலைக் கவனிக்கும் செயலாளர் ராஃபென்ஸ்பெர்கர் டிவியில் பேசியதைப் பார்த்தேன். அவருடைய மகனே ஃபென்டனிலால் இறந்தவன். அதைச் சொல்லிவிட்டு, தேர்தல் ஆபீசுகளுக்கு அந்த விஷத்தை முறிக்கும் நார்கான் மருந்து கொடுக்கப்போவதாகச் சொன்னார். நான் அவருடைய குடியரசுக் கட்சிக்கு ஒருநாளும் ஓட்டுப் போட்டதில்லை. ஆனால் 2020 தேர்தலில் இங்கே தோற்ற டிரம்ப் 2021 ஜனவரியில் ஃபோன் போட்டு 11,780 ஓட்டுக் கண்டுபிடித்துத் தரச் சொன்னபோது மாட்டேன் என்ற மனுஷன் அவர். அதற்கு முன்பே இங்கே மூன்று தடவை எண்ணியாயிற்று. அதில் ஒரு தடவை சுமார் 50 லட்சம் ஓட்டுச் சீட்டையும் கையாலேயே எண்ணினார்கள். அவரைப் பார்த்து எனக்கு முதல் தடவையாகப் பாவமாக இருந்தது. உன் பையில் நார்கான் இருக்கிறதா? போன மாதமும் பல மாநிலங்களுக்குப் பார்சல் போயிருக்கிறது.

நம் கவுண்டியில் முன்கூட்டி ஓட்டுப் போடுவது செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது. மாநிலம் முழுக்க முதல் நாளே மூன்று லட்சம் பேருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். நான் இந்தத் தடவையும் பூத் வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். விடியற்காலையில் போய் சீல் சரிபார்த்து, மெஷினில் பூஜ்யம் காட்டுகிறதா என்று டேப் அடித்துப் பார்த்து, ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால், ராத்திரி ஏழுக்குத்தான் மூடுவோம். அதற்கு மேல் ஸ்டேட் எலெக்ஷன் போர்டு செப்டம்பர் 20 அன்று ஒரு விதி போட்டது. ஒவ்வொரு பூத்திலும் மூன்று பேர் உட்கார்ந்து, மூவருடைய எண்ணிக்கையும் ஒத்துப்போகும் வரை சீட்டுகளைக் கையால் எண்ண வேண்டுமாம். தேர்தலுக்கு ஆறு வாரம் இருக்கும்போது! ஒரு நீதிபதி அதைச் செவ்வாய்க்கிழமை நிறுத்திவைத்துவிட்டார். எண்ணுவது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். விடியலிலிருந்து நின்ற கிழவிகள் ராத்திரி எட்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எண்ணினால் தப்பு வராமல் என்ன வரும்? அந்தத் தப்பைப் பிடித்துக்கொண்டு தேர்தலே மோசடி என்பார்கள்.

அடையாள அட்டை கேட்பதில்கூட எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை, உனக்கு உண்டு, அதை வைத்து நாம் சண்டை போட்டதும் உண்டு. ஆனால் ஜார்ஜியாவின் 2021 தேர்தல் சட்டத்தில் வரிசையில் நிற்பவனுக்கு, பூத்திலிருந்து 150 அடிக்குள் யாரும் தண்ணீர் பாட்டில் கொடுக்கக் கூடாது என்று எழுதினார்களே, அதற்கு என்ன நியாயம்? யார் வேண்டுமானாலும் தன் கவுண்டியில் எத்தனை பேருடைய ஓட்டுரிமையை வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. 2022இல் நம் குவினெட்டில் மட்டும் ஒரே கூட்டம் 37,000 பெயருக்கு மேல் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொட்டியது. பெரும்பாலானவை தள்ளுபடி ஆயின. ஆனால் தேர்தல் நெருங்கும் நேரத்தில் அத்தனையையும் உட்கார்ந்து பார்த்தது உன்னைப் போன்ற பிள்ளைகள்தானே.

அப்பா வழக்கம்போல 1965 கதையை ஆரம்பித்துவிடுகிறார். ஆகஸ்டில் ஓட்டுரிமைச் சட்டம், அக்டோபரில் குடியேற்றச் சட்டம், இரண்டிலும் ஜான்சன்தான் கையெழுத்துப் போட்டார், செல்மா பாலத்தில் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பர்கள் அடி வாங்காவிட்டால் நாம் இங்கே கால் வைத்திருக்க மாட்டோம் என்பார். 2013இல் சுப்ரீம் கோர்ட் அந்த ஓட்டுரிமைச் சட்டத்தின் முதுகெலும்பை எடுத்த அன்று அவர் சாப்பிடவே இல்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். அதுவரை ஜார்ஜியாவில் ஒரு பூத்தை இடம் மாற்றுவதானால்கூட முதலில் வாஷிங்டன் அனுமதி வேண்டும். அன்றிலிருந்து வேண்டாம். மழையில் நனையவில்லை என்பதற்காகக் குடையைத் தூக்கி எறிவது போல என்று அதற்கு எதிராக நீதிபதி கின்ஸ்பெர்க் அம்மா எழுதியதை இன்னும் ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறார். எடுக்கச் சொன்னால் கோபம்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு.

ஜூலையில் வந்திருந்தபோது கடையில், அரிசி மூட்டைப் பக்கம் நின்றுகொண்டு உன்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நீ திரும்பிப் பார்த்த பார்வை! "மெதுவாகக் கூப்பிடும்மா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய். வீடு வரும் வரை காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிய ஆபீசர் ஆகிவிட்டாள், அம்மா கத்திக் கூப்பிட்டால் கௌரவக் குறைச்சல் என்று நான் சித்தியிடம் சொல்லி அழுதேன்.

போன வாரம் அப்பா யூடியூபில் ஜனவரி 6 கலவரம் பற்றிய நாடாளுமன்றக் குழுவின் பழைய விசாரணையைப் போட்டார். 2022 ஜூனில் ஷே மாஸ் சாட்சி சொன்னது. ஃபுல்டன் கவுண்டியில் ஓட்டு எண்ணிய பெண். அவள் அம்மா ரூபி ஃப்ரீமன் பின்னால் உட்கார்ந்திருந்தார். 2020இல் ஓட்டு எண்ணும்போது அம்மா மகளுக்கு இஞ்சி மிட்டாய் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அந்த வீடியோவைக் காட்டி, இருவரும் யூஎஸ்பி கைமாற்றினார்கள் என்று டிரம்பின் வக்கீல் ஜூலியானி சொன்னார். அதற்குப் பிறகு இருவரும் பட்டது உனக்குத் தெரியும். ஃப்ரீமனை எஃப்பிஐயே வீட்டை விட்டுப் போகச் சொன்னது. மாஸின் பாட்டி வீட்டுக்குள்ளேயே ஆட்கள் நுழையப் பார்த்தார்கள். போன டிசம்பரில் ஜூரி ஜூலியானியை 14 கோடியே 80 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது, பணம் வந்தால் போன நிம்மதி வருமா. அதெல்லாம் முன்பே கேட்டதுதான். ஆனால் அந்தப் பெண் ஒன்று சொன்னாள்: அம்மாவோடு எங்கேயும் போகப் பிடிக்கவில்லை, கடையில் அம்மா என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது என்று.

நான் வீடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. கவரைக் கையுறை போட்டுப் பிரி. காரில் ஏறும் முன் ஒரு சுற்று சுற்றிப் பார்.

எனக்கு விவரம் தெரியாது என்று நினைக்காதே. உங்கள் கவுண்டியில் சூப்பர்வைசராக இருக்கும் பில் கேட்ஸை (மைக்ரோசாஃப்ட்காரர் இல்லை) 2022 தேர்தலின்போது வீட்டை விட்டு வேறு இடத்தில் தங்க வைத்தார்கள். மனசு பாதிக்கப்பட்டுச் சிகிச்சை எடுத்ததாக அவரே பத்திரிகையில் சொன்னார். அவரும் குடியரசுக் கட்சிதான். உன் பெரிய அதிகாரி ரிச்சரும் அதே கட்சிதான். ஓட்டு ஒழுங்காகத்தான் நடந்தது என்று விடாமல் சொன்னார், ஜூலையில் அவர் கட்சிக்காரர்களே பிரைமரி என்கிற உட்கட்சித் தேர்தலில் தோற்கடித்தார்கள். 2021இல், முந்தின வருஷத் தேர்தலின் 21 லட்சம் சீட்டையும் ஸ்டேடியத்தில் பரப்பி வைத்துக்கொண்டு, ஆசியாவிலிருந்து கள்ளச் சீட்டு வந்ததென்று மூங்கில் நார் இருக்கிறதா என்று தேடினார்களே, அங்கே ஆசியாவிலிருந்து வந்தது நீ ஒருத்திதான் என்று தம்பி கிண்டல் செய்தான். எல்லாரும் சிரித்தோம். கடைசியில் பைடனுக்கு 99 ஓட்டுக் கூடியது, டிரம்புக்கு 261 குறைந்தது. அவ்வளவுதான் அத்தனை மாதத் தேடலுக்கும்.

வேலையை விட்டுவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அட்லாண்டாவில் கம்ப்யூட்டர் படித்தவளுக்கு வேலையா இல்லை? இதில் பாதிச் சம்பளம். கோயிலில் ஒரு அம்மா, "உங்கள் பெண் கவுண்டி ஆபீசில் கையெழுத்துப் பார்க்கிற கிளார்க்கா?" என்று கேட்டாள். "ஆமாம், இலட்சக்கணக்கான கையெழுத்து, அத்தனையும் சரிபார்த்தால்தான் உங்கள் ஓட்டு ஓட்டு" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் என்று அப்பா சொல்கிறார். அங்கே முக்கால்வாசிப் பேருக்கு மேல் தபாலில் போடுகிறார்கள், கவர் மேல் உள்ள கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் ஆளைத் தேடிப் பிடித்துக் கேட்கிறீர்கள், தேர்தல் முடிந்து ஐந்து நாள் வரை சரிசெய்ய அவகாசம் உண்டு என்று அவளுக்கு விளக்கினேன். கை நடுக்கம் வந்த அந்தக் கிழவரை நீ நாலு தடவை கூப்பிட்டுக் கடைசியில் பிடித்தாயே, அந்தக் கதையையும் சொன்னேன்.

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு எரிச்சலாகவும் வந்தது. ஊர் பேர் தெரியாதவருக்கெல்லாம் நாலு தடவை ஃபோன் போட்டு, இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்கிறாய். பெற்றவளுக்கு வருவது கட்டைவிரல் படம். நான் நாலு வரி எழுதினால் ஒரு கட்டைவிரல்.

போகட்டும். எனக்கு உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. லைசென்ஸ் புதுப்பித்தபோது பாஸ்போர்ட்டில் உள்ளபடி என் பெயரைப் போட்டார்கள், தாத்தா பெயர் முன்னால் போய்விட்டது. ஓட்டர் பட்டியலில் பழையபடி என் பெயர் முன்னால், தாத்தா பின்னால். விவரம் பொருந்தவில்லை என்று வீட்டுக்குக் கடிதம் வந்திருக்கிறது. இனிஷியலோடு பிறந்தவர்களுக்கு இந்த ஊரில் இது தீராத வியாதி. 2018இல் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும் என்று 53,000 பேருடைய பதிவைத் தொங்கவிட்டார்களே, பத்தில் ஏழு பேர் கறுப்பர்கள். கிரீன் கார்டு காலத்தில் எடுத்த லைசென்ஸை வைத்துக்கொண்டு, குடியுரிமை வாங்கியவர்களையும் வெளிநாட்டவர் என்று குறித்து வைத்திருந்தார்கள். 3,000 பேருக்கு மேல் கோர்ட் தலையிட்டுத்தான் ஓட்டுப் போட முடிந்தது. குடியுரிமைச் சான்றிதழை அப்பா லாக்கரில் வைத்திருக்கிறார். அதை எடுத்துப் போக வேண்டுமா, லைசென்ஸ் போதுமா? இப்போதே ஆபீசுக்குப் போய்த் திருத்தச் சொல்லலாமா, தேர்தல் முடிந்த பிறகா? பூத் மேனேஜரைக் கேட்டால் சொல்வார்தான். ஆனால் நீ சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

மெசேஜில் வேண்டாம், ஃபோனில் சொல். நமக்குள் மூன்று மணி நேர வித்தியாசம், நீ ராத்திரி பத்துக்கு வேலை முடித்துக் கூப்பிட்டால் இங்கே ஒரு மணி. கூப்பிடு, எடுப்பேன். நவம்பர் 1 வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் போதும், அன்றோடு முன்கூட்டி ஓட்டுப் போடுவது முடிகிறது.

அம்மா