தலை ஒடிந்த மரம்

ஆர்க்கேட்டா, கலிபோர்னியா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலியோடு மறுபடியும் பனை ஏறுகிறீர்கள் என்று எழுதியிருந்தாள். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன். கோபப்படாதீர்கள்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. வெயில்தான் கிடையாது. ஜூலையிலும் கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்துவிடும், துவைத்த துணி காயாது. ஆனால் கோடையில் மழை இல்லாதபோது அந்தப் பனியை இலையாலும் குடித்துத்தான் இங்குள்ள ரெட்வுட் மரங்கள் தாக்குப்பிடிக்கின்றன. நம்மூரில் கடத்துகிறார்களே, அந்தச் செம்மரம் இல்லை, இது வேறு.

போன வாரம் அதில் ஒன்றில் நானும் முதல்முறையாக ஏறினேன். கீழ்வீட்டுக் கிழவர் வாழ்நாளெல்லாம் மர அறுவை மில்லில் இருந்தவர். "ஏறிவிட்டு வெட்டாமலா இறங்கப்போகிறாய்?" என்று கேட்டார்! பனைக்குப் போல காலில் தளைநார் போட்டு ஏறுகிற மரமில்லை. பத்துப் பேர் கைகோத்தால்தான் சுற்றி வளைக்கலாம். வில்லால் தூண்டில் நரம்பை மேல்கிளைக்கு எய்து, அதில் மெல்லிய கயிறு, அப்புறம் ஏறுகிற கயிறு என்று இழுக்கிறார்கள். பட்டை காயப்படும் என்று ஆணிச் செருப்புக்கு அனுமதியில்லை. கயிற்றைக் கவ்வும் பிடியைத் தள்ளித் தள்ளிப் புழு மாதிரி ஏறினேன். 300 அடிக்கு ஒன்றரை மணி நேரம். அதற்குள் நீங்கள் இருபது பனை ஏறி இறங்கியிருப்பீர்கள்.

கீழே இலை புளிய இலை மாதிரி தட்டையாக விரிந்திருக்கிறது. உச்சியில் அதே மரத்தின் இலை சவுக்கு மாதிரி சுருங்கி ஒட்டிக்கிடக்கிறது. அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை இழுப்பது கஷ்டம், தாகத்தில் இலை விரிய முடிவதில்லை. 2006இல் கண்டுபிடித்த ஹைப்பீரியன் என்ற மரம் சுமார் 380 அடி. மிஞ்சினால் 425 அடி, அதற்குமேல் முடியாது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

நாங்கள் ஏறிய மரத்துக்கு எப்போதோ புயலில் தலை ஒடிந்திருக்கிறது. பனைக்குக் குருத்து போனால் அவ்வளவுதானே? இது ஒடிந்த இடத்தைச் சுற்றி ஐந்து புதுத் தண்டு விட்டிருக்கிறது, ஒவ்வொன்றும் தனி மரம் போல. நடுவில் இலை மக்கி மண்ணாகி, பெரணி முளைத்திருக்கிறது. கை வைத்தேன், ஈரமாக இருந்தது. அம்மா கொடுத்துவிட்ட உடன்குடிக் கருப்பட்டியில் கடைசித் துண்டு பையில் இருந்தது. அங்கே உட்கார்ந்து வாயில் போட்டேன். அப்புறம் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. கூட வந்தவர், உயரத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாயா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சரி, வீட்டு விஷயம். செங்கல் சூளைக்காரர் மறுபடி வந்தாலும் மேட்டுப் பனைகளைக் கொடுக்க வேண்டாம். செல்வி வளைகாப்புக்கு இந்த மாதம் பாதிதான் அனுப்ப முடியும், மீதி அடுத்த மாதம். இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, வேறொன்றும் இல்லை. சித்தப்பாவிடம் மட்டும் கடன் கேட்காதீர்கள். ஏறித்தான் ஆவேன் என்றால், கிணற்றோரம் சாய்ந்து நிற்கிறதே, அந்தப் பனையை விட்டுவிடுங்கள். காலையில் பனி காய்ந்த பிறகு ஏறுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்,
முருகன்